தறிக்குழியிலிருந்து பார்த்த நாய்க்குட்டி

நாய்க்குட்டி செவலை கடித்ததெல்லாம் ஜமாலைத்தான். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் விளையாடினார்கள். இருவரையும் அது முகர்ந்தது, இருவர் பின்னாலும் வாலை ஆட்டிக்கொண்டு போனது. ஆனால் லிங்கம்மாளின் மகள் சௌடியின் மேல் அதன் பல் பட்டதே இல்லை. தார் சுற்ற வரும் சபுரா பீவியின் மகன் ஜமால் மைதீனுக்கு மட்டும், முழங்கைக்குக் கீழே ஒரு கீறல் ஆறுவதற்குள் இன்னொன்று வந்துவிடும்.

சௌடிக்கு ஐந்து வயது. ஜமாலுக்கு நான்கு நிறையவில்லை. செவலையோ பால்பல் விழாத குட்டி. மூன்று பேரில் யாருக்கும் யார் மேலும் கெட்ட எண்ணம் இருக்க வழியில்லை. அப்படியிருந்தும், அந்த வீட்டுத் தறி ஓடுமா நிற்குமா என்பது இவர்கள் விளையாட்டில் வந்து மாட்டிக்கொண்டது.

அது யுத்த காலம். மழைக்காக வானத்தைப் பார்ப்பவர்கள் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள். அருப்புக்கோட்டை நெசவுத் தெருவுக்கு அப்போது நூல்தான் மழை. சர்க்கார் அளந்து கொடுக்கும் பங்கு நூல் எப்போது வரும், வந்தால் யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் சௌடப்பன் காரியாபட்டிக்கும் மதுரைக்குமாக அலைந்துகொண்டிருந்தார். அவர் உட்கார வேண்டிய தறியில் அவர் மனைவி லிங்கம்மாள் உட்கார்ந்தாள். அதுவரை அவள் செய்துவந்தது தார் சுற்றும் வேலை. தார் என்பது நாடாவுக்குள் பொருத்துகிற சிறிய நூல்குழல். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவின் குறுக்கே நாடா ஓடும்போது அந்தக் குழலிலிருந்துதான் ஊடை நூல் அவிழ்ந்து வரும். தறி நன்றாக ஓடினால் தார் சீக்கிரம் தீரும். ஆகவே நெய்கிறவருக்குப் பக்கத்தில், ராட்டையோடு ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். லிங்கம்மாள் தறிக்குப் போனதால் ராட்டைக்கு வந்தவள்தான் சபுரா பீவி.

சபுராவின் வீடு பள்ளிவாசல் தெருவில். அவள் புருஷன் பீர் மைதீன் ரங்கூனில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நடந்து திரும்பியவர்களை எல்லாம் அவள் கேட்டுப் பார்த்துவிட்டாள். தார் சுற்றிக் கிடைக்கும் கூலியில்தான் அவளும் மகனும் கஞ்சி குடித்தார்கள். மகனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லாததால் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

நூலை அவள் வீட்டுக்கே கொடுத்தனுப்பிச் சுற்றச் சொல்லியிருக்கலாம். கூலிக்குச் சுற்றுபவர்களுக்கு முன்பு அப்படித்தான் வழக்கம். ஆனால் நூல் களவுபோக ஆரம்பித்திருந்தது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் தறியில் ஏற்றியிருந்த பாவையே அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் கேட்டதும் சௌடப்பன் இரண்டு காரியம் செய்தார். ஒரு சிட்டம் நூல்கூட வாசலைத் தாண்டக்கூடாது என்றார். பரளச்சியில் ஆட்டுக்கிடை போடும் நல்லகண்ணுவிடம் ஒரு நாய்க்குட்டியை வாங்கி, துண்டில் சுற்றி, கரியில் ஓடும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வளர்ந்தால் காவல். அதுவரைக்கும் அது செம்மண் நிறத்தில் ஓயாமல் துள்ளுகிற ஒரு வாய்.

அந்த வாய்க்கு வைத்தியம் சொல்லாதவர்கள் தெருவில் இல்லை. பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"மூக்குமேல ஒண்ணு வையி லிங்கம்மா. நாயை மடியில வச்சா அது தலையிலதான் ஏறும்."

லிங்கம்மாள் விளக்குமாற்றை எடுத்தாள். செவலைக்கு விளக்குமாறு ரொம்பப் பிடித்துவிட்டது. ஈர்க்கு ஈர்க்காக உருவி எடுத்துக்கொண்டு ஓடியது. அடுத்து, ஜமாலின் கையில் வேப்பெண்ணெய் தடவினாள். குட்டி ஒரு தரம் நக்கிப் பார்த்துத் தும்மியது. பையன் அதே கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வீடே அதிர அழுதான். அவனைத் தூக்கிய சபுராவின் விரலில் எண்ணெய் ஒட்டி, அந்த விரலால் சுற்றிய தாரிலும் ஏறி, அன்று நெய்த துணியில் மஞ்சளாக ஒரு பட்டை விழுந்தது.

சபுராவுக்கு இன்னொரு சிரமமும் இருந்தது. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் வீட்டு வழக்கப்படி பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கலந்து. அப்போதுதான் தொழுகைக்கு நிற்க முடியும். கோடையில் தெருக்கிணறு அடிமண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. குடத்தில் கயிறு சேர்த்துக் கட்டித்தான் இறைக்க வேண்டும். குட்டி ஒரு முறை ஆசையாக நக்கினால் சபுராவுக்கு அரைக் குடம் தண்ணீர் போகும். அந்தத் தண்ணீரையும் அவளே இறைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் முற்பகலில் ஜமால் கத்தியது வேறு மாதிரி இருந்தது. லிங்கம்மாள் தறியை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். அவன் மணிக்கட்டில் பல் இறங்கி ரத்தம் கோத்து நின்றது. சபுரா அவனை வாரி எடுத்துக்கொண்டு, ராட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் கழுவி மருந்து போட்டுவிட்டு, "குட்டியைக் கட்டிப்போட்டுப் பாருங்க. தண்ணி குடிக்குதா, சோறு திங்குதான்னு பாருங்க. கோளாறா இருந்தா உடனே மதுரைக்குப் போய் வயித்துல ஊசி போடணும்" என்று சொல்லி அனுப்பினார்களாம். செவலை தண்ணீரும் குடித்தது, கம்மஞ்சோறும் தின்றது, கட்டிய கயிற்றையும் தின்றது. அதற்கு ஒரு நோயும் இல்லை. இருந்தும் சபுரா வரவில்லை.

லிங்கம்மாள் பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். சபுரா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"பையன் எப்படி இருக்கான் சபுரா?"

"இருக்கான்க்கா."

"குட்டிக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் திங்குது."

"திங்கும். பல்லு நல்லாத்தானே இருக்கு."

லிங்கம்மாளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சபுரா சிரிக்கவில்லை.

"நீ வராட்டி தறி நின்னுரும் சபுரா."

"நான் வராட்டி எங்க அடுப்பும்தான்க்கா நின்னுரும். தெரியாமலா இருக்கேன்?" சபுராவின் குரல் தாழ்ந்தது. "ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீக. உங்க பிள்ளையும் அங்ஙனதான் விளையாடுது. அதைக் கடிக்கல. எம்பிள்ளைய மட்டும்தான் கடிக்குது. யாரு வீட்டுப் பிள்ளை, யாரு கூலிக்கு வந்தவ பிள்ளைன்னு நாய்க்குக்கூடவா தெரியும்?"

லிங்கம்மாள் அவசரமாக, இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது அதுதானே. சௌடியைக் கடிக்கவில்லை, ஜமாலைக் கடித்தது. ஏன் என்று தெரியாமல் இல்லை என்று மட்டும் சொன்னால் அது வெறும் வாய்ப் பேச்சு.

"அவுக மதுரையிலேர்ந்து வந்ததும் குட்டிய பரளச்சிக்கே அனுப்பிருவோம்" என்றாள்.

"அனுப்புனா நூலுக்குக் காவல் யாரு? நாளைக்கு ஒரு களவு போச்சுன்னா, அந்தச் சபுராவாலதான் நாய் போச்சும்பாக."

அதுவும் உண்மைதான். லிங்கம்மாள் திரும்பி நடந்தாள். கேள்வி அவளோடு கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தாள். மீதமிருந்த தார்கள் தீரும்வரை நெய்யலாம். குழித்தறியில் தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் தரையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். அப்படி உட்காரும்போது கண் ஒரு சின்னப் பிள்ளையின் முக உயரத்துக்கு வந்துவிடும். இத்தனை நாளும் பிள்ளைகளும் குட்டியும் விளையாடுவதை லிங்கம்மாள் நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான் பார்த்திருந்தாள். நின்று பார்த்தால் தெரிவது உச்சந்தலையும் முதுகும். கத்தல் கேட்டுத் திரும்பும்போது கடி முடிந்திருக்கும்.

தறிவேலையில் அவளுக்கு ஒன்று பழகியிருந்தது. துணியில் பிசகு தெரியும் இடம் ஒன்று, பிசகு பிறக்கும் இடம் வேறு. துணியில் ஒரு கோடு விழுந்தால் அந்தக் கோட்டையே முறைத்துப் பார்த்துப் பயனில்லை. இழைகள் நுழைந்து வரும் அச்சைத் தாண்டி, விழுதைத் தாண்டி, பாவின் பின்பக்கம்வரை இழையைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். அங்கே எங்கோ ஒரு முடிச்சு தளர்ந்திருக்கும். கடியும் அப்படித்தானோ? கடித்த இடத்தையே அடித்தும் பூசியும் பார்த்தாயிற்று. கடிக்கு முன்னால் என்ன நடக்கிறது?

செவலையை அவிழ்த்துவிட்டாள். நாடாவை நிறுத்திவிட்டு, குழியிலிருந்தபடியே பார்த்தாள்.

சௌடி முற்றத்திலிருந்து உள்ளே வந்தாள். குட்டி துள்ளிக்கொண்டு எதிரே ஓடியது. சௌடி நின்றாள். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. குட்டி அவள் பாவாடையை முகர்ந்தது, சுற்றி வந்தது, வேறு எங்கோ போனது. அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளை ஏன் நின்றது? யாரும் சொல்லித் தரவில்லையே.

பிறகுதான் லிங்கம்மாளுக்கு விளங்கியது. சொல்லித் தந்திருந்தார்கள், ஆனால் நாய்க்காக இல்லை. வெயில் ஏறுமுன் அந்தத் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள் பக்கத்தில் பக்கத்தில், காற்றில் ஈரமாக நிற்கும். ஒரு இழை அறுந்தால், பார்த்தவர் "இழை!" என்று குரல் கொடுப்பார். பாவுக்கு அருகே இருக்கும் அத்தனை பேரும் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். யாராவது ஓடினால், கை வீசினால், அறுந்த நுனி பறந்து மற்ற இழைகளில் சிக்கிக்கொள்ளும். தேடி எடுத்து முடிச்சுப் போடுவதற்குள் கஞ்சி காய்ந்துவிடும். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நெசவுத் தெருப் பிள்ளைகள் இதற்குப் பழகியவர்கள். ஏதாவது ஒன்று சட்டென்று எதிரே வந்தால் அவர்கள் உடம்பு முதலில் நிற்கும். ஜமால் பள்ளிவாசல் தெருப் பிள்ளை. அவனுக்குப் பயம் வந்தால் கால் ஓடும்.

சரிதானா என்று பார்க்க வேண்டும்.

"சௌடி, இங்ஙனருந்து வாசல் வரைக்கும் ஓடு. கைய மேல தூக்கிக்கிட்டு, கத்திக்கிட்டே ஓடு."

"எதுக்கும்மா?"

"சும்மா ஓடுடி."

சௌடிக்கு இப்படி ஓர் உத்தரவு அதுவரை கிடைத்ததில்லை. கத்திக்கொண்டே ஓடினாள். செவலை பாய்ந்து அவள் பாவாடையைக் கவ்வித் தொங்கியது. சௌடி கையை இன்னும் உயரத் தூக்கினாள். குட்டி கைக்காகத் தாவியது. லிங்கம்மாள் தறியின் மேலே தொங்கிய பிடிகயிற்றைப் பார்த்தாள். கயிற்றைச் சுண்டினால் நாடா ஓடுகிறது. அது நாடாவின் கோபமா? கை மேலே போனால் குட்டியும் மேலே வருகிறது. கால் ஓடினால் அதுவும் ஓடுகிறது. கத்தினால், இன்னொரு குட்டி விளையாடக் கூப்பிடுகிறது என்று அதற்குத் தோன்றுகிறது.

ஆனாலும் சௌடியின் பாவாடைதான் கிழிந்தது. கையில் பல் படவில்லை. ஜமாலுக்கு ஒவ்வொரு முறையும் பட்டது கையில், அதுவும் அந்த ஒரு கையில். அந்தக் கையில் என்ன?

அந்த மணிக்கட்டில் ஒரு கறுப்பு நூல் கட்டியிருந்தது. பீர் மைதீன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று தர்காவில் ஓதிக் கட்டியது. முடிச்சுக்குக் கீழே நுனிகள் நீளமாகத் தொங்கும்.

லிங்கம்மாள் ஒரு கழிவு நூலை எடுத்துத் தன் மணிக்கட்டில் கட்டி, நுனியைத் தொங்கவிட்டு, குழியின் விளிம்பில் கையை வைத்தாள். செவலை சௌடியை விட்டுவிட்டு நேராக இங்கே வந்தது. நூலைக் கவ்வி, நான்கு காலையும் ஊன்றிப் பின்னால் இழுத்தது. இழுத்த இழுப்பில் வாய் நழுவி மணிக்கட்டில் பல் பட்டது. அப்படியே விட்டுவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது, சிரிப்புக்காக.

அந்தப் பார்வைதான் அவளைச் சுட்டது. இந்த விளையாட்டை அதற்குக் கற்றுக் கொடுத்தது இந்த வீடு. வந்த புதிதில், பாவைக் கடித்துவிடக் கூடாதே என்று கழிவு நூலைச் சுருட்டி அதன் வாயில் கொடுத்தார்கள். சௌடப்பன் ஒரு நுனியைப் பிடித்து இழுப்பார், குட்டி மறு நுனியைப் பிடித்து உறுமும், எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நல்ல நூலைக் காப்பாற்ற மோசமான நூலைக் கொடுத்தார்கள். நல்ல நூல் எது, கழிவு எது, ஒரு பிள்ளையின் கையில் தகப்பனுக்காகக் கட்டியிருப்பது எது என்று நாய்க்குட்டி எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

மறுபடி பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். இந்தத் தரம் சொல்ல விஷயம் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே வந்த சபுரா கடைசியில் மகனின் மணிக்கட்டைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அதுக்காக இந்த நூலை நான் அவுக்கணுமாக்கா?"

"வேணாம். பழக்குனது நாங்க. நாங்கதான் மறக்கடிக்கணும். கொஞ்ச நாள் பொறு."

"பொறுக்குறேன். நாய் மறக்குமா?"

"தெரியல சபுரா. பாத்துட்டுச் சொல்றேன்."

வீட்டிலிருந்த கழிவு நூலையெல்லாம் லிங்கம்மாள் ஒரு சாக்கில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டாள். கடிக்காதே என்று ஒரு குட்டியிடம் சொல்ல முடியாது. அதற்குப் பல் முளைக்கிறது, ஈறு அரிக்கிறது, எதையாவது கடித்தே தீரும். ஆகவே எதைக் கடிக்கலாம் என்பதைக் காட்ட வேண்டும். சூப்பிப்போட்ட பனங்கொட்டை நார் நாராகக் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தாள். செவலை அதை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு அரை நாள் வேலை பார்த்தது.

பிறகு தன் மணிக்கட்டில் மறுபடி நூலைக் கட்டிக்கொண்டாள். குட்டி கவ்வ வந்தால் கையை இழுக்கவில்லை, அதட்டவில்லை. கை செத்த கைபோல அப்படியே இருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இழுக்காத நூலில் விளையாட்டு இல்லை. செவலை சலித்துப்போய்ப் பனங்கொட்டைக்குப் போகும். போன உடனே, "செவலை" என்று மெல்லச் சொல்லி, ஒரு கம்மஞ்சோற்று உருண்டையைத் தரையில் வைப்பாள். கையில் வைத்துக் கொடுக்கவில்லை. உயரே இருக்கும் கைக்குத் தாவுவதைத்தானே மறக்கடிக்க வேண்டும். சோறு தரையில் வருகிறது என்று தெரிந்தால் அது ஏன் மேலே பார்க்கப் போகிறது? கால் நான்கும் தரையில் இருந்தால் சோறு, பேச்சு, தடவல். கால் எழும்பினால் வீட்டில் யாருமே இல்லாதது போல. தான் கூட இருந்து பார்க்க முடியாதபோது கட்டிப்போட்டாள்.

வெங்கடம்மாள் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நாய்க்கு முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கா! மாமியாகிட்ட இந்த வித்தைய காட்டியிருந்தா எப்பவோ பொழச்சிருப்பா."

முன்னேற்றம் நேராக வரவில்லை. நன்றாக இருந்த குட்டி ஒரு சாயங்காலம் ஏதோ வெறி வந்ததுபோல வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, சௌடியின் சடையைப் பிடித்து இழுத்தது. தூக்கம் வந்த குட்டி அப்படித்தான் செய்கிறது, தூக்கம் வந்த பிள்ளை மாதிரியே, என்று லிங்கம்மாள் கண்டுகொள்ள இன்னும் சில சாயங்காலங்கள் ஆயின. அதன் பிறகு அந்த நேரத்தில் அதைச் சாக்கில் படுக்க வைத்தாள்.

சபுரா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தாள். வாசலைத் தாண்டவில்லை. சௌடி கையில் நூலைத் தொங்கவிட்டுக்கொண்டு செவலையைக் கடந்து நடந்தாள். குட்டி நூலைப் பார்த்தது, பனங்கொட்டையைப் பார்த்தது, பனங்கொட்டையைக் கவ்வியது.

"இப்ப ஓடச் சொல்லுங்க" என்றாள் சபுரா.

லிங்கம்மாள் தயங்கினாள். "ஓடுனா இன்னும் தாவும். பொய் சொல்ல மாட்டேன். குட்டி பாதி கத்துக்கிருச்சு. மீதியப் பிள்ளைதான் கத்துக்கணும்."

"இவன் எங்ஙன நிப்பான்? தொழுகையில என் பக்கத்துல நிறுத்துனாலே மூணு தரம் ஓடிருவான்."

"காலையில பாவு விரிக்கும்போது சௌடிகூட அனுப்பு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

அப்படித்தான் ஜமால் பாவுத் தெருவுக்கு வந்தான். சபுராவும் பாவோரம் நின்று பார்த்துக்கொண்டாள். அங்கே நாயும் இல்லை, பயமும் இல்லை. "இழை!" என்று ஒரு குரல் எழும். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் கல்லாகிவிடுவார்கள். முதல் நாள் அவன் மட்டும் ஓடிப்போய், திரும்பிப் பார்த்து, யாருமே கூட வராததைக் கண்டு திகைத்தான். அதற்கடுத்த நாட்களில் நிற்பதுதான் விளையாட்டு என்று அவனுக்குப் பிடிபட்டது. சௌடி கைகளை அக்குளுக்குள் ஒளித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அவனை நிறுத்துவது சிரமமில்லை, நகர்த்துவதுதான் சிரமம் என்றாயிற்று. குளிக்கக் கூப்பிட்டால் தானே "இழை!" என்று சொல்லிவிட்டு அக்குளுக்குள் கையோடு நிற்கிறான் என்று சபுரா வந்து முறையிட்டாள். முறையிடும்போது அவள் முகத்தில், பல நாள் கழித்து, ஒரு சிரிப்பு தெரிந்தது. மறுநாள் ராட்டைக்கு வந்து உட்கார்ந்தாள். மகனைத் தன் முந்தானையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் நகர்ந்தால் ராட்டையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். அரை மனதாகத்தான் வந்திருந்தாள். அது லிங்கம்மாளுக்கும் தெரிந்தது.

அன்றைக்கென்று சௌடப்பன் மதுரையிலிருந்து திரும்பினார். தலையில் நூல் மூட்டை. பங்கு கிடைத்த சந்தோஷத்தில் தெருவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏலே செவலை! எங்கடா இருக்க?"

குட்டி அம்புபோலப் போனது. வாசலிலேயே அவர் முழங்காலில் ஏறியது. அவர் மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

"தாவு! இன்னும் மேல! அப்படித்தான்!"

"ஏங்க, கைய எறக்குங்க" என்று லிங்கம்மாள் தறியிலிருந்து கத்தினாள்.

"இத்தனை நாளா பாக்காத பாசம், விடேன்."

செவலை தாவியது, விழுந்தது, குரைத்தது. கற்றது அத்தனையும் மறந்து ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. திரும்பிய இடத்தில் ஜமால் இருந்தான். சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க முந்தானையை விட்டுவிட்டு நடுவீட்டுக்கு வந்திருந்தான். கையில் கறுப்பு நூல் ஆடிக்கொண்டிருந்தது. சபுரா ராட்டையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிள்ளையைத் தூக்கப் போகிறாள். தூக்கினால் அவன் கால் மேலே எழும்பும், அந்தக் காலுக்காகக் குட்டியும் எழும்பும். லிங்கம்மாளின் கால்களோ குழிக்குள், மிதிகளுக்கு நடுவே. எழுந்து வருவதற்குள் முடிந்துவிடும்.

"இழை!" என்றாள்.

பாவுத் தெருவில் கொடுக்கும் குரல்தான். வீட்டுக்குள் அதை யாரும் கொடுத்ததில்லை. சௌடி அடுக்களை வாசலில் நின்றாள். ஜமாலின் கைகள் அக்குளுக்குள் போயின. கண்ணை இறுக மூடிக்கொண்டான். சபுரா பாதி குனிந்தவள் அப்படியே நின்றாள். இத்தனை நாள் பாவோரம் மகனுக்காகக் காத்து நின்ற பழக்கமா, லிங்கம்மாளின் குரலில் ஏதோ இருந்ததா, தெரியாது. சௌடப்பன் பிறந்ததிலிருந்து அந்தக் குரலைக் கேட்டவர். ஆட்டிய கை அந்தரத்தில் நிற்க, மூட்டை தலையில் இருக்க, சிலைபோல நின்றார்.

செவலை ஜமாலின் வயிற்றில் முன்னங்கால்களை வைத்தது. பையன் லேசாக ஆடினான், நகரவில்லை. குட்டி இறங்கியது. நூலை முகர்ந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தது. யாருமே விளையாடவில்லை. ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, இருந்த இடத்தில் உட்கார்ந்தது.

லிங்கம்மாள் மடியிலிருந்த கம்மஞ்சோற்று உருண்டையைத் தரையில் உருட்டிவிட்டாள்.

"எந்த இழை?" சௌடப்பன் உதடு மட்டும் அசையக் கேட்டார். "எங்ஙன அந்துச்சு?"

"ஒண்ணும் அறல. மூட்டைய எறக்குங்க."

"பெறகு எதுக்கு...?"

"எறக்குங்க, சொல்றேன்."

சொன்னாள். தங்களுக்குள் பேசும் வீட்டுப் பாஷையை விட்டு, சபுராவுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னாள். நாய்க்குப் பழக்குவதை விட்டுவிட்டு உங்களுக்குத்தான் முதலில் பழக்கியிருக்க வேண்டும் என்றும் சொன்னாள். சௌடப்பன் தலையைச் சொறிந்தார். "ஒரு நாய்க்குட்டிகிட்டகூட மனுசன் சந்தோசமா இருக்கக்கூடாதா?" என்று முனகினார்.

"தரையில உக்காந்துக்கிட்டு இருங்க. யாரு வேணாம்னா?"

சபுரா ஜமாலின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். நகக்கீறல்கூட இல்லை. மணிக்கட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து சௌடப்பனைப் பார்த்துப் பேசினாள். அவரிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் வாரேன்ணே. ஆனா நீங்க தெருவுலேர்ந்து சத்தம் குடுத்துக்கிட்டு வரக்கூடாது. நான் தொழுற நேரம் குட்டி கட்டியிருக்கணும். உங்க வீட்டுப் பிள்ளையோ எம்பிள்ளையோ, பெரியாளு இல்லாம அதுகூடத் தனியா இருக்கக்கூடாது."

"சரித்தா" என்றார் சௌடப்பன்.

"அக்காகிட்டச் சொல்லல. உங்ககிட்டச் சொல்றேன்."

"அதான் சரின்னுட்டேனே."

ராட்டை மறுபடி சுற்றத் தொடங்கியது. சற்று நேரத்தில் லிங்கம்மாளின் நாடாவில் நூல் தீர்ந்தது. வழக்கமாகச் சபுரா தானே எழுந்து வந்து தாரைக் கொடுப்பாள். இப்போது அவள் கையிலிருந்த தாரைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், நடுவே படுத்திருந்த குட்டியைப் பார்த்தாள். தாரை ஜமாலின் கையில் வைத்தாள்.

"லிங்கம்மா பெரியம்மாகிட்டக் குடுத்துட்டு வா. நடந்து போ."

அவன் நடந்தான். செவலை தலையைத் தூக்கியது, எழுந்தது, கூடவே வந்தது. பாதி வழியில் முன்னங்கால் ஒன்றை உயர்த்தியது. ஜமால் நின்றான். கால் தரைக்கு வந்தது. அவன் நடந்தான். சபுராவின் கை ராட்டைப் பிடியில் இருந்தது, ராட்டை சுற்றவில்லை. லிங்கம்மாள் குழியிலிருந்து கையை நீட்டித் தாரை வாங்கிக்கொண்டாள்.

நாடாவில் பொருத்தி நுனியை இழுத்துப் பார்த்தாள். அவிழ மறுத்தது.

"ரொம்ப இறுக்கமா சுத்தியிருக்கியே சபுரா. ஓடாது போலயே."

"பயத்துல சுத்துனது அக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றாள் சபுரா, பிடியைச் சுற்றிக்கொண்டே. "அதைத் தூரப் போடாதீக, அவுத்துத் தாரேன். அடுத்தது சரியா வரும்."